கயிற்றுக்கடைக்குப் பின்னால் இருந்த பேச்சுப் பள்ளி

நான் பேசத் தொடங்கியபோது அம்மாவையும் நைனாவையும் பிசகில்லாமல் கூப்பிட்டேன். அதனால் என் பேச்சில் குறை இருக்கிறது என்று வீட்டில் வெகுநாள் யாருக்கும் தோன்றவில்லை. அம்மா, நைனா, மாமா, மணி எல்லாமே மூக்கு வழியாக வரும் சத்தங்கள். எனக்குப் பிறவியிலேயே மேல் அண்ணத்தில் பிளவு. உதடு சரியாக இருந்ததால் வெளியே ஒன்றும் தெரியாது. குடித்த பால் மூக்கில் வந்தபோது, பிள்ளை அவசரமாகக் குடிக்கிறது என்று நினைத்திருக்கிறார்கள்.

வாய்க்குள் அடைத்து வைத்து வெளியே விடவேண்டிய காற்று எனக்கு மூக்கு வழியாகப் போய்விடும். கடை என்றால் ஙணை என்று வரும். பாப்பா என்றால் மாம்மா. சாப்பாடு, ஞாம்மாணு ஆகிவிடும். பின்னாளில் தமிழ் வகுப்பில் கரும்பலகையில் வல்லினம் ஒரு வரிசையாகவும் மெல்லினம் அதற்கு நேர்கீழே ஒரு வரிசையாகவும் எழுதிக் காட்டினார்கள். க வுக்குக் கீழே ங, ச வுக்குக் கீழே ஞ, ப வுக்குக் கீழே ம. என் பேச்சில் என்ன நடந்தது என்பது அன்றைக்குத்தான் எனக்கு முழுதாக விளங்கியது. மேல் வரிசை எனக்கு இல்லாமல் இருந்தது.

எங்கள் ஊர் சாலவாக்கத்துக்குப் பக்கத்துக் கிராமம். ஏரி நீரில் நெல், மேட்டில் வேர்க்கடலை. நான் ஒரே பிள்ளை. நான் சொல்வது அம்மாவுக்கு மட்டும் அப்படியே புரியும். நைனாவுக்குப் பாதி புரியும். மற்றவர்களுக்கு அம்மாதான் திருப்பிச் சொல்வாள். கடைக்காரரிடம் நான் கேட்டால் அவர் என்னைப் பார்க்க மாட்டார், அம்மாவைப் பார்ப்பார். அம்மா சொன்ன பிறகு சாமான் வரும். ஊரில் எனக்கு ஊமைப் பொண்ணு என்று பெயர். நான் நிறையப் பேசிக்கொண்டுதான் இருந்தேன். பேசப் பேச அந்தப் பெயர் உறுதியானது.

ஊர்த் தொடக்கப் பள்ளியில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன். என்னை யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள் என்பதால் பயமில்லாமல் படித்தேன்.

அம்மை குத்த வந்த நர்ஸ் ஒருத்தி என் வாயில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, சென்னைக்குக் கூட்டிப் போகச் சொன்னாள். அப்போது எனக்கு எட்டு வயது முடிந்திருந்தது. இதெல்லாம் எழுபதுகளின் நடுவில். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அண்ணத்தைத் தைத்தார்கள். பல நாட்கள் கஞ்சித் தண்ணீர்தான் சாப்பாடு. தையல் ஆறியதும் தண்ணீர் குடித்தேன். மூக்கில் வரவில்லை. நைனா அதைப் பார்த்துவிட்டு வார்டுக்கு வெளியே போய் நின்றார்.

நாங்கள் திரும்பி வந்த அன்று தெருப் பெண்கள் எல்லோரும் வீட்டுக்கு வந்தார்கள். ஆபரேஷன் ஆகிவிட்டது, இனி பேச்சு வந்துவிடும் என்று நைனா முன்பே சொல்லியிருந்தார். எதையாவது பேசு என்று கேட்டார்கள். வந்தவர்களை எல்லாம் சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். ஞாம்மிணீங்ஙளா என்றுதான் வந்தது. பழையபடியேதான். எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். பிறகு அம்மா, “சாப்டீங்களான்னு கேக்கறா” என்றாள். அவர்கள் சாப்பிட்டோம் சாப்பிட்டோம் என்று சொல்லிக்கொண்டே எழுந்து போனார்கள். நைனா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குக் கிளம்பினார். அன்றைக்கு எங்கள் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் முறை இல்லை.

ஆஸ்பத்திரியில் இதைச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். ஓட்டையை அடைத்தாயிற்று, ஆனால் நாக்குக்கும் தொண்டைக்கும் எட்டு வருஷத்துப் பழக்கம் இருக்கிறது, அதைப் பயிற்சியால்தான் மாற்றவேண்டும் என்றார்கள். உங்கள் பக்கத்து டவுன் உத்திரமேரூரிலேயே ஒரு அம்மா இதற்கென்று சிறிய பள்ளி நடத்துகிறார், அங்கே சேருங்கள் என்றும் சொன்னார்கள். நைனாவுக்கு அந்தச் சேதி காதில் ஏறவே இல்லை. அம்மாதான் ஞாபகம் வைத்திருந்து, அடுத்த வாரம் என்னைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

உத்திரமேரூர் கடைத்தெருவில் கயிறு, சாக்கு, வாளி விற்கும் கடை ஒன்று இருந்தது. கடைக்காரரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். கடைக்குப் பின்னால் சரக்கு வைக்கும் நீளமான ஓட்டுக் கொட்டகை. அதன் பாதியைத் தட்டி வைத்து மறைத்துப் பள்ளியாக்கியிருந்தார். பெயர்ப் பலகை கிடையாது. இரண்டு பெஞ்சு, ஒரு மேசை, சுவரில் ஆள் உயரக் கண்ணாடி. அந்தக் கண்ணாடி ஏதோ சலூனில் பழசானது. தட்டிக்கு அந்தப் பக்கம் தேங்காய் நார்க் கயிறு சுருள் சுருளாகக் கிடக்கும். எங்கள் துணியெல்லாம் அந்த வாசனைதான் அடிக்கும்.

டீச்சருக்கு அப்போது இருபத்தைந்து வயதுக்குமேல் இருக்காது. சித்தூர்ப் பக்கத்துக்காரர். வீட்டில் தெலுங்கு. பேச்சுக் குறையைச் சரிசெய்யும் படிப்பை மைசூரில் படித்தவர். அவருடைய கணவர் ஏரி மதகு, கால்வாய் வேலைகளைப் பார்க்கும் ஓவர்சியராக உத்திரமேரூருக்கு மாற்றலாகி வந்திருந்தார். பாயின் மகளுக்கு ஆறு வயதாகியும் இல்லை என்ற ஒரு சொல்லைத் தவிர வேறு எதுவும் வரவில்லை. காது நன்றாகக் கேட்டது. தர்காவுக்கும் டாக்டர்களிடமும் கூட்டிப்போய் அலுத்தபின், சென்னையில் யாரோ அவரிடம், உங்கள் ஊரிலேயே இதற்குப் படித்த பெண் குடிவந்திருக்கிறாளே என்றார்களாம். பாய் மறுநாள் காலையில் நாஷ்டாகூடச் சாப்பிடாமல் டீச்சர் வீட்டு வாசலில் போய் நின்றதாக அவரே சொல்லிக் கேட்டிருக்கிறேன். டீச்சர், வீட்டுக்கு வந்து தனியாகச் சொல்லித்தர முடியாது என்று மறுத்துவிட்டார். ஒரு பிள்ளையை மட்டும் வைத்துக்கொண்டு பேச்சு வளராது, பேசுவதற்கு இன்னும் நாலு பிள்ளைகள் வேண்டும் என்றார். பாய் கொட்டகையைக் காலிசெய்து கொடுத்துவிட்டு, கடைக்கு வரும் ஆட்களிடமெல்லாம் உங்கள் ஊரில் பேச்சு வராத பிள்ளைகள் இருக்கிறார்களா என்று விசாரிக்கத் தொடங்கினார். அப்படித்தான் பள்ளி உண்டானது.

நான் போனபோது திக்கிப் பேசும் பையன் ஒருவன், ஜுரத்துக்குப் பிறகு பேச்சு நின்றுபோன குழந்தை ஒன்று, பாயின் மகள், இவர்களோடு இன்னும் சிலர் இருந்தார்கள். டீச்சர் சாந்தமானவர் இல்லை. பென்சிலால் மேசையைத் தட்டுவார். தாமதமாக வரும் பெற்றோரை வாசலிலேயே நிறுத்திக் கேள்வி கேட்பார். பாடம் நடக்கும்போதே பொட்டலத்திலிருந்து பொரி எடுத்துத் தின்பார். கோபம் வந்தால் தெலுங்கு வந்துவிடும். ழ வை அவர் யாருக்கும் சொல்லித் தரவில்லை. ஒரு பையன் கேட்டதற்கு, “அது எனக்கே வராது. இந்த ஊர்ல யாருக்கும் வர்ற மாதிரியும் தெரியல. விட்டுடு” என்றார். அதனால் எங்கள் எல்லோருக்கும் வாழைப்பழம் கடைசிவரை வாயப்பயம்தான்.

முதல் நாள் என் பெயரைக் கேட்டார். நான் சொன்னேன். அம்மா திருப்பிச் சொன்னாள். ஊரைக் கேட்டார். நான் சொன்னேன், அம்மா திருப்பிச் சொன்னாள். டீச்சர் பென்சிலை வைத்துவிட்டு அம்மாவை வெளியே போய் உட்காரச் சொன்னார். அம்மா தட்டிக்கு அந்தப் பக்கம் போய்க் கயிற்றுச் சுருள்களுக்கு நடுவில் உட்கார்ந்தாள். அடுத்த ஒரு வருஷமும் அவள் இடம் அதுதான்.

எனக்கு ப தான் முதல் பாடம். மெல்லிய காகிதத் துண்டை என் உதட்டுக்கு நேரே பிடிப்பார். ப என்று சொன்னால் காகிதம் ஆடவேண்டும். சின்னக் கண்ணாடி ஒன்றை மூக்குக்குக் கீழே பிடிப்பார். அதில் ஆவி படியக்கூடாது. எனக்குக் காகிதம் ஆடாது, கண்ணாடி வெள்ளையாகிவிடும். மேசைமேல் பஞ்சை வைத்து ஊதச் சொன்னார். பப்பாளி இலைக் காம்பால் தண்ணீரில் குமிழி விடச் சொன்னார். மாசக் கணக்கில் இதுவேதான். வீட்டுக்கு வந்து நைனாவிடம் என்ன படித்தேன் என்று சொல்ல ஒன்றும் இருக்காது.

ஒருநாள் டீச்சர் என் மூக்கை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “இப்ப பாப்பான்னு சொல்லு” என்றார். சொன்னேன். காகிதம் படபடத்தது. பாப்பா என்று கொட்டகை முழுக்கக் கேட்டது. யாரோ வேறு பிள்ளை பேசியதுபோல் இருந்தது எனக்கு. மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னேன். டீச்சர் என் மூக்கை விட்டுவிட்டு உரத்த குரலில் தட்டிக்கு அந்தப் பக்கம் கேட்டார், யார் பேசினது தெரியுதா என்று.

“பாய் பொண்ணா?” என்றாள் அம்மா.

பேசியது நான்தான் என்று டீச்சர் சொன்னதும் அவள் எழுந்து வந்தாள். வந்து தட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் அழவுமில்லை, சிரிக்கவுமில்லை. என் குரலை முதல்முறையாக அவளுக்கு அடையாளம் தெரியாமல் போயிருந்தது. அதுதான் அவளைப் பாதித்தது என்று இப்போது தோன்றுகிறது. இன்னொரு முறை சொல் என்று அவள் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு டீச்சர் அம்மாவுக்கும் ஒரு பாடம் வைத்தார். வீட்டில் நான் பழைய மாதிரிப் பேசினால் புரியாதவள்போல இருக்கவேண்டும். இன்னொரு முறை சொல் என்று கேட்கவேண்டும். நான் ஒழுங்காகச் சொல்லும்வரை எதையும் எடுத்துக் கொடுக்கக்கூடாது.

“புரியறத எப்டிம்மா புரியலன்னு சொல்றது?” என்று அம்மா கேட்டாள்.

“நீங்க புரிஞ்சிக்கிற வரைக்கும் அவளுக்குப் பேசவேண்டிய தேவையே இல்லம்மா” என்றார் டீச்சர்.

 அம்மா சொன்னபடி செய்தாள். நான் தண்ணீர் கேட்பேன், நண்ணி என்று. அவள் அடுப்படியில் நின்றுகொண்டு, புரியலம்மா, இன்னொரு வாட்டி சொல்லு என்பாள். அவளுக்கு நடிக்கத் தெரியாது. அப்படிச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டாள், பானையைப் பார்த்துச் சொல்வாள். கை மட்டும் சொம்புக்குப் பக்கத்தில் தயாராக இருக்கும். எனக்குக் கோபமாக வரும். ஒருநாள் நானே போய் மொண்டு குடித்தேன். அன்று இரண்டு பேருமே தோற்றுப்போனது மாதிரி இருந்தது.

இந்த ஏற்பாடு ஒரு சாயங்காலத்தோடு மாறியது. அந்த வாரம் வீட்டில் பழகுவதற்கு டீச்சர் கொடுத்திருந்த சொற்கள் பாப்பா, பாய், பாம்பு, பம்பரம். மாட்டுக்கு வைக்கோல் எடுக்க எங்கள் வீட்டுக் கொட்டகைக்குப் போனேன். வைக்கோலை இழுத்ததும் அடியில் நீளமாக ஒரு பாம்பு. ஓடிவந்து மாம்மு, மாம்மு என்றேன். அம்மா முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். நான் பாடம் படிக்கிறேன் என்று நினைத்துவிட்டாள். முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல், “புரியலம்மா. இன்னொரு வாட்டி சொல்லு” என்றாள்.

மறுபடி சொன்னேன். உதட்டை நல்லா மூடிச் சொல்லு என்றாள். எனக்கு வேறு வழி தெரியவில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். மூக்கை அடைத்தால் ம வராது. பாப்பு என்று வந்தது. அம்மா அப்போதும் பொறுமையாக, “பாப்பு இல்ல கண்ணு, பாம்பு” என்றாள். நான் கொட்டகைப் பக்கம் கையைக் காட்டி ஙொண்ணால, ஙொண்ணால என்று அழ ஆரம்பித்தேன். கொட்டா என்ற சொல் அந்த வாரப் பாடத்தில் இல்லை. அம்மா முறத்தைப் போட்டுவிட்டு எழுந்தாள்.

நைனா தடியோடு வந்தார். சாரைப்பாம்புதான். வேலியைத் தாண்டிப் போய்விட்டது. நைனா வெகுநேரம் சிரித்தார். என் பேச்சை வைத்து அவர் சிரித்தது எனக்குத் தெரிந்து அந்த ஒரு தடவைதான். அம்மா சிரிக்கவில்லை. மறுநாள் காலையில் உத்திரமேரூர் போனதும் தட்டிக்கு அந்தப் பக்கம் உட்காராமல் நேரே மேசைக்கு வந்தாள்.

“இனிமே நடிக்கறது என்னால ஆவாது டீச்சரம்மா. புள்ளைய பாம்பு கடிச்சிருந்தா இன்னா பண்றது?” என்றாள்.

டீச்சர் முழுக் கதையையும் கேட்டார். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிறகு, தான் அதை யோசிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். இரண்டு பேருமாகப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். அன்றிலிருந்து நான் எதைச் சொன்னாலும் அம்மா முதலில், “பாடமா, நெசமா?” என்று கேட்பாள். பாடம் என்றால் தலையாட்டுவேன், அவள் புரியாதவளாகிவிடுவாள். நெசம் என்றால் உடனே புரிந்துகொள்வாள். நாளாக ஆக நெசத்தையும் நான் ஒழுங்காகச் சொல்லப் பழகினேன்.

பாயின் மகளும் நானும் அநேகமாக ஒரே வயது. மத்தியானம் சேர்ந்து சாப்பிடுவோம். அவளுடைய குறை வேறு மாதிரி. டீச்சரிடம் வந்த பிறகு அவள் நாக்கில் ழ தவிர எல்லா எழுத்தும் சுத்தமாக வந்தது. டீச்சர் சொல்வதைக் கிளி மாதிரி அப்படியே திருப்பிச் சொல்வாள். ஆனால் தானாக ஒரு சொல்லோடு இன்னொரு சொல்லைச் சேர்க்க அவளால் முடியாது. வாளி என்பாள். வாளிக்கு என்ன என்று கேட்டால் வாளிக்கு என்ன என்பாள். எனக்குச் சொல்லவேண்டியது நிறைய இருந்தது, எழுத்து வரவில்லை. அவளுக்கு எழுத்து இருந்தது, வாக்கியம் வரவில்லை. நாங்கள் இருவரும் நன்றாகவே பேசிக்கொண்டோம். எப்படி என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பாய் கடையிலிருந்து எட்டிப் பார்த்து, “எனுக்குத்தான் பேஜாரா கீது. இதுங்க ரெண்டும் ஜாலியா கீதுங்க” என்று டீச்சரிடம் சொல்வார்.

இரண்டாம் வருஷம் நடவு நேரத்தில் அம்மாவால் வர முடியவில்லை. நான் தனியாகப் போய்வந்தேன். போவது சுலபம், காலை பஸ்ஸில் ஊர்க்காரர்கள் இருப்பார்கள். திரும்பும்போது கண்டக்டரிடம் சாலவாக்கம் என்று கேட்டு டிக்கெட் வாங்கவேண்டும். அந்தப் பெயரில் ச இருக்கிறது, நடுவில் க் இரண்டு முறை வருகிறது. எனக்கு அப்போது ப வும் த வும் வந்துவிட்டிருந்தன, ச அரைகுறை, க வரவே இல்லை. காசை நீட்டிக்கொண்டு சொன்னேன். கண்டக்டர், “எத்த சொல்ற?” என்றார். மறுபடி சொன்னேன். அவர் குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டார். அவர் நல்ல மனுஷர்தான். பின்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஓர் அம்மா, “அது சாலவாக்கத்தாண்ட ஊருங்க, ஊமைப் பொண்ணு” என்றாள். டிக்கெட் கிடைத்தது. ஊர்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் டீச்சரிடம் சொன்னபோது அவர் ஆறுதலாக எதுவும் சொல்லவில்லை. க வைத் தள்ளிப்போட்டது தப்பு என்று தனக்குள் சொல்லிக்கொண்டு ஸ்பூனை எடுத்தார். ஸ்பூன் காம்பால் என் நாக்கின் நுனியை அழுத்திப் பிடித்துக்கொண்டு தா என்று சொல்லச் சொன்னார். நுனி அசைய முடியாததால் நாக்கின் பின்பக்கம் தானாக மேலே போய்த் தொட்டது. கா என்று வந்தது. குமட்டிக்கொண்டும் வந்தது. நாலைந்து வாரம் அதே ஸ்பூன்தான். அதன்பின் ஒருநாள் பஸ்ஸில் நான் சாலவாக்கம் என்றதும் கண்டக்டர் என்னை ஏறிட்டுக்கூடப் பார்க்காமல் டிக்கெட்டைக் கிழித்துக் கையில் திணித்துவிட்டு அடுத்த ஆளிடம் போனார். அவர் பாராமல் போனது எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

ஊர்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் பரீட்சையை மட்டும் எழுதித் தேறியதும், ஆறாம் வகுப்புக்கு உத்திரமேரூர் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் சேர்க்க நைனா, அம்மா இருவரும் கூட வந்தார்கள். தலைமை ஆசிரியை கெட்டவர் இல்லை. இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கென்றே கடைத்தெருவில் தனிப் பள்ளி இருக்கிறதே, அங்கேயே இருக்கட்டுமே, இங்கே மற்றப் பிள்ளைகள் கேலி செய்வார்களே என்று பொதுவாகத்தான் சொன்னார். நைனா தலையை ஆட்டிக்கொண்டு நின்றார். பிறகு தலைமை ஆசிரியை என்னைப் பார்த்து, நீ எதுக்கு இங்க சேரணும் என்று கேட்டார். நான் பதில் சொன்னேன். பதற்றத்தில் வேகமாகச் சொல்லிவிட்டேன், எல்லாம் மூக்கில் போய்விட்டது.

அவர் அம்மா பக்கம் திரும்பி, “என்ன சொல்றா?” என்றார்.

அம்மாவுக்கு அது புரியாமல் இருக்க வழியே இல்லை. அதைவிட மோசமாக நான் பேசியதெல்லாம் அவளுக்குப் புரிந்திருக்கிறது. அவள் மேசையின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டு, “எனுக்குப் புரியலம்மா. அவளயே கேளுங்க” என்றாள்.

நைனா திடுக்கிட்டு அவளைப் பார்த்தார். தலைமை ஆசிரியைக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. பெற்றவளே புரியவில்லை என்கிறாள். அவர் என் பக்கம் திரும்பி, இன்னொரு தடவை சொல்லும்மா என்றார். நான் மூச்சு விட்டுக்கொண்டு மெதுவாகச் சொன்னேன்.

“கணக்கு படிக்கணும். அங்க கணக்கு இல்ல.”

கணக்கு என்ற சொல்லில் மூன்று க. இரண்டு முறை சொல்லியும் மூன்றும் நின்றன. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சரி, கணக்கு டீச்சர் ரொம்பக் கண்டிப்பு, அழக்கூடாது என்றார். சேர்த்துக்கொண்டார்.

பஸ்ஸில் நைனா அம்மாவிடம், நெசமாவே உனுக்குப் புரியலயா என்று கேட்டார். “புரிஞ்சிது. அவங்க கேட்டது அவள இல்ல?” என்றாள் அம்மா. அன்று முதல் வீட்டுக்கு வெளியே அவள் எனக்காக வாய் திறந்து நான் பார்க்கவில்லை.

பெரிய பள்ளியில் கேலி இருந்தது. பிறகு பழகிப்போய்க் குறைந்தது. சாயங்காலங்களில் கயிற்றுக்கடைக் கொட்டகைக்குப் போவேன். முதலில் பாடத்துக்காக, அப்புறம் சிறிய பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள. பாயின் மகளும் அந்த வேலையில்தான் இருந்தாள். அவள் பேச்சு இரண்டு மூன்று சொற்கள்வரை வந்திருந்தது. ஆனால் பெரும்பாலும் யாரோ எப்போதோ சொன்னதைத்தான் எடுத்துச் சொல்வாள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் டவுனிலிருந்த ஒரு சேவைச் சங்கத்தார் பள்ளியைக் கௌரவிக்கவேண்டும் என்று பாயிடம் வந்து சொன்னார்கள். கல்யாண மண்டபத்தில் விழா, டீச்சருக்குச் சால்வை, வெளியூரிலிருந்து ஓர் அதிகாரி. பாய்க்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் அவர்கள் ஒன்று கேட்டார்கள். முதலில் பேச்சு வராத சின்னப் பிள்ளை ஒன்றை மேடையில் பேசச் சொல்லவேண்டும், அடுத்து என்னைப் பேசச் சொல்லவேண்டும், அப்போதுதான் பள்ளியின் அருமை ஜனங்களுக்குத் தெரியும் என்றார்கள்.

டீச்சர் முடியாது என்றார். தானாக வருகிறேன் என்று சொல்லாத பிள்ளை மேடைக்கு வராது, அப்படியென்றால் சால்வையும் வேண்டாம், மண்டபமும் வேண்டாம் என்றார். பாய் இரண்டு பக்கமும் அலைந்தார். கடைசியில் சின்னப் பிள்ளையை விட்டுவிட்டார்கள். நன்றி சொல்ல நான் ஒப்புக்கொண்டேன். சால்வையைத் தன் மகள் கொண்டுவந்து தரட்டும் என்று பாய் கேட்டார். டீச்சர் அவளிடமே கேட்டார். அவள் சரி என்றாள். எங்க டீச்சருக்கு எங்க மரியாதை என்று ஒரு வரி சொல்லிக் கொடுக்கவேண்டும் என்று பாய்க்கு ஆசை. அவரே வீட்டில் தினமும் சொல்லிக்கொடுத்தார். அவள் பிழையில்லாமல் சொன்னாள்.

விழாவில் நான் முதலில் பேசினேன். என்ன பேசினேன் என்பது முழுதாக நினைவில்லை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கை தட்டினார்கள். வாக்கியம் முடிவதற்கு முன்பே தட்டினார்கள். அதனால் நான் கஷ்டப்பட்டுக் கொண்டுவந்த கடைசிச் சொற்கள் ஒன்றும் யாருக்கும் கேட்டிருக்காது. முன்வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருப்பவரிடம், பரவாயில்ல, நல்லாப் பேசுதே, பாவம் என்றது எனக்குக் கேட்டது. நான் நிறுத்தினேன். கைதட்டல் முழுக்க அடங்கும்வரை நின்றேன். அது அடங்க நேரமானது. பிறகு மீதியைச் சொன்னேன். அப்போது யாரும் தட்டவில்லை, கேட்டார்கள்.

அடுத்து பாயின் மகள் தட்டில் சால்வையோடு வந்தாள். டீச்சர் எழுந்து நின்றார். அவள் பேசவில்லை. பாய் மேடைக்குக் கீழே நின்று வாயை அசைத்துக் காட்டினார். சங்கச் செயலாளர் மைக்கை அவள் வாயருகே கொண்டுவந்தார். டீச்சர் அந்த மைக்கைக் கையால் நகர்த்திவிட்டுச் சும்மா நின்றார்.  யாரோ இருமினார்கள். நான் அவள் கையைப் பார்த்தேன், தட்டு ஆடிக்கொண்டிருந்தது.

“சால்வ கனமா கீது” என்றாள் அவள்.

மண்டபம் சிரித்தது. பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். டீச்சர் அவசரமாகத் தட்டை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, “ரொம்பக் கனமா?” என்று கேட்டார்.

“ஆமா. கை வலிக்குது.”

டீச்சர் அவளைப் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அப்போதுதான். கூட்டத்துக்கு அது விளங்கவில்லை. சால்வை வாங்கிய சந்தோஷம் என்று நினைத்திருப்பார்கள். யாரும் சொல்லிக் கொடுக்காத, வேறு யாரும் எப்போதும் சொல்லியிராத ஒரு வாக்கியத்தை அவள் பேசியிருந்தாள். கேட்ட கேள்விக்குப் பதிலோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொன்னாள். அது அந்த மேடையில் எங்கள் இரண்டு பேருக்கும் டீச்சருக்கும் மட்டும் தெரிந்தது. பிறகு பாய்க்கு விளக்கிச் சொன்னபோது, அவர் கடைக்குள் போய் வெகுநேரம் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்த வருஷம் டீச்சரின் கணவருக்கு மாற்றல் வந்தது. பள்ளி மூடிவிடும் என்று எல்லோரும் நினைத்தோம். செங்கல்பட்டிலிருந்து வேறு ஒருவர் வாரத்தில் சில நாட்கள் வர ஒப்புக்கொண்டார். மற்ற நாட்களில் பாயின் மகள் கொட்டகையைத் திறந்து பிள்ளைகளை வைத்துக்கொள்வாள். நான் பள்ளியிறுதி முடித்து எங்கள் பக்கத்துப் பால் சங்கத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். காலையில் பால் ஊற்ற வருகிறவர்களின் பெயரையும் அளவையும் உரக்கப் படிக்கும் வேலை. தவறாகக் கேட்டால் சண்டைக்கு வருவார்கள். வாய் களைத்துப்போகும் நாட்களில் இன்றும் சில எழுத்துகள் மூக்கில் நழுவும். மறுபடி சொல்வேன்.

டீச்சர் ஊரைவிட்டுப் போன அன்று நான் விடுப்பு எடுத்துக்கொண்டு உத்திரமேரூர் போயிருந்தேன். சாமான் லாரி கடைத்தெரு முனையில் நின்றது. டீச்சர் கொட்டகையில் இருந்தார். கூரம் பக்கத்திலிருந்து ஒரு தாய் புதிதாக ஒரு சின்னப் பெண்ணைக் கூட்டிவந்திருந்தாள். டீச்சர் அந்தப் பிள்ளையைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார், வழக்கம்போலப் பொரி தின்றுகொண்டே. லாரிக்காரர் ஹாரன் அடித்தார். டீச்சர் பாதியில் எழுந்து, எங்களைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்தபடி வெளியே போனார்.

பாயின் மகள் அவர் இருந்த இடத்தில் உட்கார்ந்தாள். மாட்டுப் படம் போட்ட அட்டையை எடுத்து அந்தப் பெண்ணின் முன்னால் வைத்து, இது இன்னா என்று கேட்டாள். பிள்ளை தன் அம்மாவைப் பார்த்தது. அந்தத் தாய் சொல்ல வாயெடுத்தாள். பாயின் மகள் அவள் பக்கம் கையை நீட்டித் தடுத்துவிட்டு, அட்டையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.